குதிரையை விட்டு இறங்கி வரிசையில் நில்லுங்கள்

கேள்வி:

நான் லெஸ்டரில் வசிக்கிறேன். வயது நாற்பத்து மூன்று, கணினித் துறையில் வேலை. போன கோடையில் என் மகளை அழைத்துக்கொண்டு ஒரு போர் ரீஎனாக்ட்மென்ட் பார்க்கப் போனேன். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போரை அப்படியே நடித்துக் காட்டினார்கள். புகையும் முரசும் குதிரைக் குளம்படியுமாக மனதை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. அந்தக் கால உடையில் நானும் ஒரு சிப்பாயாகக் களத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை பிடித்துவிட்டது. சிரிக்காதீர்கள்: இளவரசர் ரூபர்ட் மாதிரி இறகு வைத்த தொப்பியோடு குதிரையில் பாய வேண்டும் என்பதுதான் உள்ளூர இருக்கும் கனவு. மகள் தானும் வருவேன் என்கிறாள்.

மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். "ஆரோ வெள்ளைக்காரர் தங்களுக்குள்ள அடிபட்டதுக்கு நீங்கள் ஏன் போய் விழுந்து சாகோணும்? செத்த சனத்தை வைச்சு விளையாடுறதும் ஒரு பொழுதுபோக்கோ?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

என் கறுத்த நிறத்துக்கு அந்த வேஷம் பொருந்துமா? கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். ஆபத்து எவ்வளவு, செலவு எவ்வளவு, எங்கிருந்து தொடங்குவது? சேர்ந்தால் அரசர் பக்கமா, நாடாளுமன்றப் பக்கமா?

— ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்:

முதலில் அந்தக் குதிரையை விட்டு இறங்கிவிடுவோம். போர் நடிப்புக் குழுக்களில் குதிரைப் படை உண்டு. ஆனால் அதில் சேர நல்ல குதிரையேற்றப் பயிற்சி வேண்டும். வெடிச் சத்தத்துக்கும் புகைக்கும் மிரளாத குதிரை வேண்டும். அதைக் கட்டிவைக்க லாயம், ஏற்றிப்போக வண்டி, வருடம் முழுக்கத் தீனி என்று செலவு வரிசை கட்டி நிற்கும். ஆசைக்காகத் தொடங்குகிறவருக்கு அது வழியல்ல.

அரசர் தரப்புத் தளபதியான அந்த ரூபர்ட்டிடம் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் வேறு. உங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது நேஸ்பி. 1645 ஜூன் 14 அன்று அங்கே அவருடைய குதிரைப் படை எதிரியின் ஒரு பக்கத்தை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பாய்ந்தது, நிற்கவில்லை. களத்துக்குப் பின்னால் இருந்த சாமான் வண்டிகள் வரை போய்விட்டது. திரும்பி வருவதற்குள் அரசரின் காலாட்படை சிதறிவிட்டது. மறுபக்கத்தில் நாடாளுமன்றத் தளபதி கிராம்வெல்லும் எதிரிக் குதிரைகளை உடைத்தார். ஆனால் தன் ஆட்களைக் கைக்குள் வைத்திருந்து, அவர்களைத் திருப்பி அந்தக் காலாட்படை மேல் ஏவினார். அரசருக்கு ஆள்பலமும் குறைவுதான். என்றாலும், பாயத் தெரிந்தவனைவிட நிற்கத் தெரிந்தவன் வென்ற நாள் அது. போர் நடிப்பில் நாங்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான். தனியாக வீரம் காட்ட வருகிறவரால் இங்கே பயனில்லை. பக்கத்தில் நிற்பவரின் தோளை விட்டு விலகாமல் நிற்கிறவர்தான் வேண்டும்.

எனவே காலாட்படையில் தொடங்குங்கள், அதிலும் ஈட்டியில் தொடங்குங்கள். அன்றைய காலாட்படையில் இரண்டு வகைச் சிப்பாய்கள் இருந்தார்கள்: மஸ்கெட் துப்பாக்கிக்காரர், பைக் எனப்படும் நீள ஈட்டிக்காரர். 1645இல் நாடாளுமன்றம் உருவாக்கிய புதிய மாதிரிப் படையில் இரண்டு துப்பாக்கிக்காரருக்கு ஓர் ஈட்டிக்காரர் என்பது கணக்கு. காலாட்படைச் சிப்பாய்க்கு நாள் கூலி 8 பென்ஸ். ஈட்டியின் நீளம் 16 அடி, சில படைகளில் அதற்கும் மேல். ஆஷ் மரத்தில் செய்த கம்பு. கையில் வாங்கியதும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கொஞ்சம் காற்றடிக்கட்டும், அது உங்களை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். நாற்பது பேர் நெருங்கி நிற்கும்போது ஒருவர் தன் ஈட்டியைச் சாய்த்தால் நான்கு பேர் தொப்பி கழன்றுவிடும்.

ஆகவே கவாத்து. 1607இல் யாக்கப் டெ கெய்ன் என்ற ஓவியர் படைக்கலப் பயிற்சிக்காக ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். மொத்தம் 117 படங்கள், அவற்றில் 32 ஈட்டிக்கு மட்டும். தோளில் சாய்ப்பது, நிமிர்த்துவது, தரையில் ஊன்றுவது, எதிரியை நோக்கி நீட்டுவது என ஒவ்வோர் அசைவும் தனித்தனிப் படம். இன்றைக்கும் புல்வெளியில் கொடுக்கும் கட்டளைகள் அந்தக் காலத்துக் கவாத்துப் புத்தகங்களிலிருந்து வந்தவைதான். முதல் நாள் காலையில் இது அலுப்பாக இருக்கும். மாலையில், கட்டளை காதில் விழுவதற்கு முன்பே கை நகர ஆரம்பிக்கும். இவ்வளவு படங்கள் எதற்கு வரைந்தார்கள் என்பது அப்போது புரியும். பயந்துபோன மனிதனால் யோசிக்க முடியாது, பழகிய கை மட்டும்தான் வேலை செய்யும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த ஈட்டிக்காரர்களின் மோதலில், இரு அணிகளும் ஈட்டிகளை வானத்தை நோக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தோளும் நெஞ்சுமாக முட்டித் தள்ளியிருப்பார்கள். பார்க்க அழகு, உள்ளே இருந்தால் தேர் வடத்தில் கைவைத்த கூட்டத்தின் நெரிசல். ஆனால் அது பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு. அசல் களத்தில் ஈட்டி முனைகள் முகத்துக்கு நேராக நீண்டிருந்தன. அணிகள் எவ்வளவு தூரம் நெருங்கின, எவ்வளவு நேரம் முட்டிக்கொண்டன என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. நல்ல குழு இதைப் பார்வையாளரிடம் மறைக்காது. "இது நடிப்பு, அசல் இப்படி இருந்திருக்கும்" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லும்.

துப்பாக்கி ஆசையும் வரும். வரட்டும், ஆனால் அவசரம் வேண்டாம். பிரிட்டனில் மஸ்கெட் வைத்திருக்கக் காவல்துறையின் ஷாட்கன் சான்றிதழ் வேண்டும். கருமருந்து வாங்கவும் வீட்டில் வைக்கவும் தனியாக வெடிபொருள் சான்றிதழ் வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து துப்பாக்கிப் பெட்டி சுவரில் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார். களத்தில் குண்டு போடுவதில்லை, அடைப்பும் திணிப்பதில்லை, வெறும் மருந்துதான். கிட்டத்தில் ஆள் இருந்தால் குழாயைத் தலைக்கு மேலே தூக்கித்தான் சுட வேண்டும். அப்படியிருந்தும் அது தீயும் மருந்தும் சேர்ந்த வேலை. வெடியுப்பில் ஊறவைத்த சணல் திரி எந்நேரமும் கையில் கனிந்துகொண்டிருக்கும். அந்தத் திரியோடு, இடுப்பில் மருந்துப் புட்டியோடு, புகைக்குள் நடக்க வேண்டும். ஒரு வருடமாவது ஈட்டி பிடித்துக் களத்தின் போக்கைப் படித்தவருக்குத்தான் அது பாந்தமாக வரும்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டீர்கள். அடிக்கடி நடப்பது கணுக்கால் பிசகுவது, விரல் நசுங்குவது, வெயிலில் மயங்கி விழுவது. ஆகஸ்ட் மாதத்தில் கம்பளிச் சட்டையும் இரும்புத் தொப்பியுமாக நின்றால் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். அதனால்தான் போருக்கு நடுவே தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். களத்தில் அவர்களைப் போல முக்கியமானவர்கள் வேறு யாருமில்லை. காதுக்கு அடைப்பான் கட்டாயம். நிஜமாகவே அடிபட்டுவிட்டால் கத்த வேண்டிய சொல் ஒன்றை ஒவ்வொரு குழுவும் வைத்திருக்கும். ஈட்டியைத் தொடுவதற்கு முன் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்து கிடப்பவர் நடிக்கிறாரா, நிஜமாகவே காலை முறித்துக்கொண்டாரா என்பது இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது.

உடைக்கு வருவோம். லினன் சட்டை, கம்பளி மேல்சட்டை, முழங்கால் வரையிலான கால்சட்டை, நீளக் காலுறை, நாடா கட்டிய தோல் செருப்பு, கம்பளித் தொப்பி. இவ்வளவுதான் சாதாரணச் சிப்பாய். இறகும் பட்டு இடைக்கச்சையும் அதிகாரிகளுக்கு. பாலியெஸ்டர் உடம்பில் இருக்கவே கூடாது. அந்தக் காலத்தில் அது இல்லை என்பது ஒரு காரணம். தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எடுத்த எடுப்பில் எதையும் வாங்காதீர்கள். பெரும்பாலான அணிகள் புதியவருக்கு மேல்சட்டை, தொப்பி, ஈட்டி எல்லாம் இரவலாகத் தரும். முதலில் உங்கள் பணத்தில் வாங்க வேண்டியது செருப்பு, ஏனென்றால் அதை மட்டும் இரவல் போட முடியாது. இரண்டாவது சட்டை. மற்றதெல்லாம் ஒரு பருவம் போன பிறகு. கண்காட்சிக் கடையில் பளபளப்பாகத் தொங்குவதை வாங்கிவிட்டு, "இது நம் அணிக்குப் பொருந்தாது" என்று கேட்டு வருந்துகிறவர்கள் ஏராளம்.

கண்ணாடிக்கு வழி உண்டு. அந்தக் காலத்தில் மூக்குக் கண்ணாடி இருந்தது, காதில் மாட்டும் கம்பிதான் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. களத்தில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தள்ளுமுள்ளுக்குள் கண்ணாடி தங்காது.

நிறத்துக்கு வருகிறேன். 1616 டிசம்பரில், லண்டன் நகரத்துத் தேவாலயம் ஒன்றில், வங்கக் கடற்கரைப் பகுதியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியார் கூட்டிவந்த ஒரு பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பீட்டர் என்ற பெயரை முதலாம் ஜேம்ஸ் அரசரே தேர்ந்தெடுத்தார். உள்நாட்டுப் போர் தொடங்கியது அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1642இல். ஆக, அந்த நாட்டில் அன்று நம் நிறத்தவர் காலே வைத்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதையெல்லாம் நிரூபித்துவிட்டுத்தான் நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. ஈட்டி அணிகளில் பெண்கள் தாராளமாக நிற்கிறார்கள், கூந்தலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு. அசல் போரிலும் ஆணுடை தரித்துப் படையோடு போன பெண்கள் இருந்தார்கள். அதைத் தடுக்க 1643இல் அரசர் தரப்பில் ஓர் ஆணைக்கு வரைவே எழுதினார்கள். ஐம்பது வயதுக் கணக்காளர் இருபது வயது வீரனாக நிற்கும் இடத்தில், தோலின் நிறம் மட்டும் எப்படிக் குறையாகும்? எந்த அணியிலாவது அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் வேறு அணிக்குப் போய்விடுங்கள். அணிகளுக்குப் பஞ்சமில்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். எழுதியவற்றில் மிகவும் கனமானது அது. அதை ஒரு பதிலால் அடக்கிவிட முயலாதீர்கள். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

நேஸ்பியையே எடுத்துக்கொள்வோம். வெற்றி பெற்ற நாடாளுமன்றச் சிப்பாய்கள் அரசர் படையின் பின்னால் இருந்த பெண்கள் கூட்டத்தின் மேல் பாய்ந்து நூறு பேருக்குக் குறையாமல் கொன்றார்கள். வேறு பலருக்கு முகத்தைக் கீறிவிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மே 31 விடியும் முன், ரூபர்ட்டின் படை உங்கள் லெஸ்டருக்குள் மதிலை உடைத்துக்கொண்டு நுழைந்தது. ஊர்க்காரர்களும் வெட்டுப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. லெஸ்டரின் நியூவார்க் பகுதியில் பழைய சுவரில் துப்பாக்கிக்காகத் துளைத்த ஓட்டைகளை இன்றும் பார்க்கலாம். வார இறுதி நிகழ்ச்சியில் இவற்றில் எதையும் நடிப்பதில்லை. நடிக்கவும் கூடாது. 1643இல் ரெடிங் முற்றுகைக்குப் பிறகு நாடாளுமன்றத் தளபதி எசெக்ஸ் பிரபுவின் படையைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. போர் முழுவதிலும் ஆயுதத்தைவிட நோய் கொன்றவர்களே அதிகம். அதையும் யாரும் நடித்துக் காட்டுவதில்லை. காலாட்படைச் சிப்பாய் வயிற்றுப்போக்கில் கிடந்ததைப் பார்க்க யார் சீட்டு வாங்குவார்கள்?

ஆகவே போர் நடிப்பு போரைக் காட்டுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போரின் சில பாகங்களைக் காட்டுகிறது. நூறு துப்பாக்கி சேர்ந்து சுட்டால் எதிரில் நிற்பவர் தெரியாத அளவுக்குப் புகை எழும் என்பதை, கட்டளையைக் குரலில் அல்லாமல் முரசில் ஏன் கொடுத்தார்கள் என்பதை, ஒரு முறை சுட்டு மறுமுறை மருந்திடுவதற்குள் குதிரை எவ்வளவு தூரம் வந்துவிடும் என்பதை. இவற்றை ஏட்டில் படித்தால் அரைகுறையாகத்தான் விளங்கும். மீதியை, அதாவது பயத்தை, பசியை, ஊர்ச்சனத்தின் கதியை, வாயால்தான் சொல்ல வேண்டும். நல்ல அணி எது என்று பார்க்க என் அளவுகோல் இதுதான்: நிகழ்ச்சி முடிந்தபின் கூடாரத்தில் வந்து கேட்கும் பிள்ளைகளிடம் இந்த மீதியைச் சொல்கிறார்களா, அல்லது வாளைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்களா?

உங்கள் மனைவிக்கு வெடிச் சத்தம் என்பது வேறு. நானூறு ஆண்டு தூரம் நம்மைப் போன்றவர்களுக்குத் தருகிற சௌகரியம், தன் ஊரில் அதைக் கேட்டு வளர்ந்தவருக்குக் கிடையாது. அவரை வற்புறுத்திக் களத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். அவராக வந்தால் பீரங்கி எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டுச் சொல்லுங்கள், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இடம் பாருங்கள். அதைவிட ஒன்று செய்யலாம். அந்தப் போரில் கை கால் இழந்தவர்களும் கணவனைப் பறிகொடுத்த பெண்களும் உதவித்தொகை கேட்டு நீதிபதிகளிடம் கொடுத்த மனுக்கள் ஏராளமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு உதவ நாடாளுமன்றம் 1642 அக்டோபரிலேயே பொறுப்பேற்றிருந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகம் உட்படச் சில பல்கலைக்கழகங்களின் வரலாற்றாசிரியர்கள் அந்த மனுக்களைத் தொகுத்து யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து சிலவற்றைப் படியுங்கள். "வெள்ளைக்காரர் தங்களுக்குள் அடிபட்ட" கதையில் அவருக்குத் தெரிந்த முகங்கள் அங்கே இருக்கும். படித்த பிறகும் அவர் வேண்டாம் என்றால் அந்த வேண்டாமுக்கும் மதிப்புக் கொடுங்கள், வீட்டுக்குள் கருமருந்துப் பெட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈட்டிக்குச் சான்றிதழும் தேவையில்லை, வெடிச் சத்தமும் இல்லை.

மகளைப் பொறுத்தவரை, ஆயுதம் பிடிக்க ஒவ்வொரு குழுவும் வயது வரம்பு வைத்திருக்கிறது. அதுவரை கூடார வாழ்க்கையில் அவளுக்கு வேலை நிறைய. விறகடுப்புச் சமையல், நூல் நூற்பது, முரசு பழகுவது. சமையலில் மட்டும் நம் நாக்குக்குச் சோதனை: மிளகு உண்டு, மிளகாயும் தக்காளியும் கிடையாது.

தொடங்க இரண்டு பெரிய அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று சீல்டு நாட். இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ அதிகாரியாக இருந்து பிறகு போர் வரலாறு எழுதிய பிரிகேடியர் பீட்டர் யங் 1968இல் தொடங்கியது. போரில் தோற்றபின் அரசருக்காக மறைவில் வேலை செய்த ஒரு குழுவின் பெயரை அதற்கு வைத்தார். வருடா வருடம் ஜனவரியில் செஷயரின் நான்ட்விச் ஊரில் 1644 போரை நடித்துக் காட்டுகிறவர்கள் இவர்கள்தான். இன்னொன்று இங்கிலீஷ் சிவில் வார் சொசைட்டி. போரில் தோற்ற அரசர் முதலாம் சார்ல்ஸ் தலை வெட்டப்பட்ட நாளை நினைவுகூர்ந்து, இவர்களுடைய அரசர் படை ஜனவரிக் கடைசியில் லண்டன் வைட்ஹாலில் அணிவகுத்துப் போகும். இரண்டிலும் நீங்கள் சேர்வது ஓர் அணியில், அதாவது பழைய கர்னல் ஒருவரின் பெயர் தாங்கிய ரெஜிமென்டில். அதற்கு முன் நியூவார்க்-ஆன்-ட்ரென்ட் ஊரில் இருக்கும் தேசிய உள்நாட்டுப் போர் மையத்தை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். உங்களுக்கு அதிக தூரமில்லை.

அசல் போர்க்களத்திலேயே நிற்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். எட்ஜ்ஹில் என்ற பழைய போர்க்களத்தின் பெரும்பகுதி இன்று ராணுவத்தின் கைவசம். மற்ற இடங்களிலும், பழைய குண்டுகள் மண்ணில் கிடக்கும் இடத்தைக் கிளறாமல் விடுவதே நல்லது. நம் சட்டைப் பொத்தானும் கொக்கியும் அங்கே விழுந்தால் நாளைய ஆய்வாளருக்குத் தலைவலி. பக்கத்துப் பூங்காவின் புல்வெளி போதும்.

கடைசியாக, அரசரா நாடாளுமன்றமா? கொள்கை பார்த்துக் குழம்பாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கவாத்து நடத்துகிற, புதியவரிடம் முகம் கொடுத்துப் பேசுகிற அணி எதுவோ அதில் சேருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஆள் குறைந்தால் மேல்சட்டையை மாற்றிக்கொண்டு அங்கே போய் நிற்கச் சொல்வார்கள். அன்றைக்கும் சிறைப்பட்ட காலாட்படைச் சிப்பாய்கள் பலர் வென்றவன் படையில் பெயர் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டார்கள். 8 பென்ஸ் சிப்பாய்க்குக் கொள்கை அவ்வளவுதான். அந்த ஒன்றில் நீங்கள் அசலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பீர்கள்.